தாத்தாவின் துண்டும் ஒரு சிவப்பு வயரும்

"அக்கா, நான் கம்ப்யூட்டரக் கெடுத்துட்டேன்."

2025 அக்டோபர் 16, வியாழக்கிழமை இரவு. கொழும்பில் அறைக்கு வந்து சோற்றுக்கு உலை வைத்த நேரம் தம்பியிடமிருந்து போன். குரல் அழுதது போல இருந்தது. பின்னால் அம்மா என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். "தாத்தாவோட துண்டெல்லாம் அதுலதான புள்ள இருக்கு" என்பது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு. மலையகத்தில் பிறந்தவர்களுக்குத் 'துண்டு' என்றால் என்னவென்று தெரியும். 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய லட்சக்கணக்கானவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்று குடும்பங்கள் பிரிந்தன. எங்கள் வீட்டில் அது தாத்தாவின் தம்பி குடும்பத்தைக் கொண்டுபோனது. தாத்தா இங்கேயே இருந்து, பல ஆண்டு அலைந்து, ஒரு பிரஜாவுரிமைத் துண்டை வாங்கினார். அந்தத் தாளைத் தகரப் பெட்டியில் வைத்து, அதையும் துணியில் சுற்றி வைத்திருந்தார். அப்படியும் ஒரு மழைக்காலத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக் கூரை ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் போய், எழுத்து கரைந்துவிட்டது. அதற்கு முன்பே நான் ஸ்கேன் எடுத்து வீட்டுக் கணினியில் போட்டு வைத்திருந்தேன். துண்டு, தாத்தாவின் தம்பி இந்தியாவிலிருந்து எழுதிய கடிதங்கள், ஆயாவின் ஒரே ஒரு கல்யாணப் படம் எல்லாம் ஒரே ஃபோல்டரில். வேறு எங்கும் பிரதி கிடையாது. வைத்திருக்க வேண்டியவள் நான்தான். நாளை நாளை என்று விட்டுவிட்டேன்.

என்ன நடந்தது?

எங்கள் கணினி 2020 முடக்கக் காலத்தில் வாங்கியது. பள்ளிக்கூடம் மூடி, பாடமெல்லாம் போனுக்கு வந்தபோது, சிக்னலுக்காகப் பிள்ளைகள் மலையேறி உட்கார்ந்த காலம் அது. அம்மா கொழுந்து பறித்துச் சேர்த்த காசோடு என் முதல் சம்பளங்களையும் போட்டு, ஏதோ ஓர் அலுவலகத்தில் ஓடி முடித்த பழைய டெஸ்க்டாப்பை வாங்கினோம். நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஐந்து வருடமாக விண்டோஸ் 10 அதில் ஓடியது.

மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. விரும்பினால் மேலும் ஒரு வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் பெற வழி வைத்தார்கள். விண்டோஸ் 11க்குப் போவதென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும்; இன்டெல் என்றால் கிட்டத்தட்ட எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கணக்கு. எங்கள் பெட்டி அந்த வரிசையில் நிற்கவே முடியாது.

தம்பி உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கிறான். பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடலாம் என்று வகுப்பில் பேசியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான். மின்ட் 22 வரிசைக்கு 2 ஜிபி ராம் போதும், 4 இருந்தால் வசதி, 2029 வரை திருத்தங்கள் வரும், காசு கிடையாது. மூன்று இரவு, இரவு டேட்டாவில் சுமார் 3 ஜிபி கோப்பை இறக்கி, பென் டிரைவில் எழுதி, விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே மின்ட்டை நிறுவப் பார்த்திருக்கிறான். பாதியில் ஒரு பிழைச்செய்தி வந்து நின்றுவிட்டது. மீண்டும் போட்டால் விண்டோஸும் வரவில்லை. புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன.

மறுநாள் அம்மாவோடு பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு கடைக்குப் போயிருக்கிறான். அங்கே பத்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள்: ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும், பழையதில் இருப்பது கிடைக்காது. அம்மா "வேணாம்ப்பா, பெட்டியக் குடுங்க" என்று சொல்லித் திருப்பி எடுத்து வந்துவிட்டார். அம்மா அன்று எடுத்த முடிவுதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. புது டிஸ்க் போட்டிருந்தால் பழையது குப்பைக்குப் போயிருக்கும்.

முதல் வேலை: ஒன்றும் செய்யாதிருப்பது

தீபாவளி திங்கட்கிழமை, 20ஆம் தேதி. சனிக்கிழமை விடியற்காலை கோட்டையில் ரயில் ஏறினேன். பையில் தீபாவளி உடுப்போடு இரண்டு பென் டிரைவ், தோழியிடம் இரவல் வாங்கிய வெளி ஹார்ட் டிஸ்க், ஒரு திருப்புளி. வழியில் தம்பிக்கு ஒரே ஒரு செய்திதான் அனுப்பினேன்: "நான் வர்ற வரைக்கும் அதப் போடாத. திரும்ப இன்ஸ்டால் பண்ணாத."

இதைப் படிக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவதும் அதுதான். நிறுவல் தோற்றுப்போனால் கை பரபரக்கும். இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம், ஃபார்மட் பண்ணிப் பார்ப்போம் என்று தோன்றும். டிஸ்க்கில் உங்களுக்கு வேண்டியது ஏதாவது இருந்தால், அதன்மேல் ஓர் எழுத்துகூட எழுதாதீர்கள். பழையதை அழிக்காமல் செய்த நிறுவல் பாதியில் நின்றால், அது பெரும்பாலும் உங்கள் கோப்புகளைத் தொட்டிருக்காது. அவற்றை அழிப்பது அதற்குப் பிறகு நாம் பதற்றத்தில் செய்யும் வேலைதான்.

நானுஓயாவில் இறங்கி, நுவரெலியா வந்து, கந்தப்பளை வழியாக எங்கள் ஊர் ராகலைக்கு பஸ். டவுனில் இறங்கும்போது மூன்று மணி, மலை முழுக்கப் பனிமூட்டம். வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பி போனை நீட்டினான். பிழைச்செய்தி வந்த திரையைப் படம் எடுத்து வைத்திருந்தான். இந்தப் பழக்கம் ஒன்றே பாதி வேலை. திரையை மூடிவிட்டால் செய்தி போய்விடும். படம் இருந்தால் நிதானமாக வாசிக்கலாம்.

"இதுல என்னா எழுதியிருக்குன்னு முழுசா வாசிச்சியா?"

"எர்ரர் அஞ்சுன்னு போட்டிருந்துச்சி. ஹார்ட் டிஸ்க்ன்னும் இருந்துச்சி. கடையிலயும் அதத்தான் சொன்னாங்க."

இருவரும் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் எழுதினோம். உள்ளீடு வெளியீட்டுப் பிழை, எண் 5. இப்படி வருவதற்குக் குறுந்தட்டோ அதை வாசிக்கும் கருவியோ ஹார்ட் டிஸ்க்கோ பழுதாகியிருப்பது காரணமாக இருக்கலாம். தட்டைத் துடைத்துப் பாருங்கள். மெதுவான வேகத்தில் எழுதிப் பாருங்கள். கருவியின் லென்ஸைச் சுத்தம் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்க் பழையதாகி மாற்ற வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். கணினியைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

அவ்வளவுதான் செய்தி. டிஸ்க் செத்துவிட்டது என்று அதில் எங்குமே இல்லை. வாசிக்கப் போனேன், எழுதப் போனேன், நடுவில் எங்கேயோ தடங்கல் வந்தது, போய்ப் பாருங்கள் என்று மட்டும்தான் கணினி சொல்கிறது. ஆங்கிலத்தில், சிவப்புக் குறியோடு வந்ததால் தம்பிக்கு அது தீர்ப்பு போலத் தெரிந்திருக்கிறது. கடைக்காரருக்கும் தெரிந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் அதுவே முடிவாகிவிட்டது.

பழைய ஒற்றைக்கோட்டுக் கொப்பி ஒன்றை எடுத்து, சந்தேகப்பட வேண்டியவற்றைப் பட்டியல் போட்டோம்: இறக்கிய கோப்பு, பென் டிரைவ், ராம், ஹார்ட் டிஸ்க், டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் வயர், சூடு. ராகலையின் அக்டோபர் குளிரில், மூடியைக் கழற்றித் தொட்டுப் பார்த்தாலும் பெட்டி சில்லென்று இருந்தது. மின்விசிறியும் ஒழுங்காகச் சுற்றியது. சூட்டை அப்போதே அடித்துவிட்டோம். மிச்சம் ஐந்து. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதிப்பது, முடிவைக் கொப்பியில் எழுதிய பிறகே அடுத்ததைத் தொடுவது என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

கோப்பு, பென் டிரைவ், ராம்

மின்ட் தளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கொடுத்திருப்பார்கள். ஷா-256 என்ற கணக்குமுறை. எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும் அதை 64 எழுத்துகளாகச் சுருக்கித் தரும். கோப்பில் ஒரே ஓர் இடம் மாறினாலும் அந்த 64 எழுத்துகளின் தோற்றமே மாறிவிடும். தம்பி இறக்கிய கோப்பு அவன் போனில் இன்னும் இருந்தது. அதை என் மடிக்கணினிக்கு எடுத்துக் கணக்குப் போட்டோம். அவன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, நான் தளத்தில் இருப்பதோடு ஒப்பிட்டேன். 64உம் சரி. மூன்று இரவு விட்டு விட்டு இறக்கியும் ஓர் எழுத்து பிசகவில்லை.

"நீ செஞ்சதுல ஒண்ணும் தப்பில்லடா" என்றேன். இரண்டு நாளாகத் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் இருந்த பிள்ளை. முகம் அப்போதுதான் தெளிந்தது.

அடுத்தது பென் டிரைவ். நான் கொழும்பிலிருந்து கொண்டுவந்த வேறொரு பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினோம். அதற்கு கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸுக்குள் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நேரம் தம்பி ஒன்று சொன்னான்: "கரண்ட் போய் வந்தா இது எஃப்1 அமத்தச் சொல்லும்க்கா. அமத்துனா ஓடும். ஒரு வருசமா அப்படித்தான்." கேட்டுக்கொண்டேன், ஆனால் கொப்பியில் எழுதவில்லை. அதன் விலையை அடுத்த நாள் கொடுத்தேன்.

பயோஸில் புதிய தொடக்க முறையான யூஈஎஃப்ஐயைத் தேர்ந்து சேமித்தேன். மின்ட்டை நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடியும் என்பது அதன் பெரிய வசதி. திரை வந்தது. ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் விண்டோஸ் பகுதி தெரிந்தது. தாத்தாவின் ஃபோல்டரும் தெரிந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து பின்னால் நின்றார். படங்களை வெளி டிஸ்க்குக்கு இழுத்தேன். நாலைந்து போனது. பிறகு அப்படியே நின்றது. ஒரு நிமிடம் கழித்து அதே உள்ளீடு வெளியீட்டுப் பிழை. பென் டிரைவை மாற்றியும் பிழை வந்ததால் பென் டிரைவையும் பட்டியலில் அடித்தோம்.

மறுபடி இழுத்துப் பார்க்க மனம் துடித்தது. கையை எடுத்துக்கொண்டேன். டிஸ்க் உண்மையிலேயே சாகும் நிலையில் இருந்தால், ஒவ்வொரு முயற்சியும் அதன் மிச்ச ஆயுளைத் தின்னும். அப்படியான டிஸ்க்கிலிருந்து முதலில் முழுப் பிரதி ஒன்று எடுத்து, அந்தப் பிரதியில்தான் தேட வேண்டும். எதுவென்று தெரியாமல் தொடக்கூடாது.

அதனால் இரவில் டிஸ்க்கைத் தொடாத ஒரு சோதனையைப் போட்டோம். மின்ட்டின் தொடக்கப் பட்டியலிலேயே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் இருக்கிறது. ராமின் ஒவ்வோர் இடத்திலும் எழுதி, திரும்ப வாசித்து, எழுதியதே வருகிறதா என்று பார்க்கும். போட்டுவிட்டுப் படுத்தோம். விடிய எழுந்து பார்த்தால் பல சுற்று முடிந்திருந்தது, பிழை பூச்சியம். ராமையும் அடித்தோம். பட்டியலில் இரண்டுதான் மிச்சம்: ஹார்ட் டிஸ்க், அதன் வயர்.

199ஆம் இலக்கம்

ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். மின்ட்டில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து, டிஸ்க்கைத் தேர்ந்து, பட்டியலில் அந்தப் பெயரைத் தட்டினால் முழு அட்டவணையும் வரும். அதில் மூன்று வரிசையை முதலில் பாருங்கள்.

5ஆம் இலக்கம்: பழுதாகி, வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகள் எத்தனை. 197ஆம் இலக்கம்: வாசிக்க முடியாமல் சந்தேகத்தில் வைத்திருக்கும் பகுதிகள் எத்தனை. இவை இரண்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்குக்குக் காலம் நெருங்குகிறது. 199ஆம் இலக்கம்: டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் தகவல் போகும் வழியில் எத்தனை தடவை கெட்டுப்போனது.

எங்கள் டிஸ்க்கில் 5: பூச்சியம். 197: பூச்சியம். 199: நாலு இலக்க எண் ஒன்று நின்றது.

தம்பிக்கு இதைத் தோட்டத்துக் கணக்கில் சொன்னேன். அம்மா பறித்த கொழுந்தை மலையில் நிறுத்து எழுதுகிறார்கள். லொறியில் ஏற்றி ஃபெக்டரிக்குப் போனதும் அங்கேயும் நிறுக்கிறார்கள். இரண்டு நிறையும் ஒத்துப் போகாவிட்டால் தேயிலைச் செடியைக் குற்றம் சொல்வாயா? பறித்த கையைக் குற்றம் சொல்வாயா? வழியில் சாக்கு கிழிந்ததா என்றுதானே பார்ப்பாய். கணினியும் அதைத்தான் செய்கிறது. அனுப்பும் ஒவ்வொரு கட்டுத் தகவலோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து அனுப்புகிறது. வாங்கும் பக்கம் அதைத் திரும்பக் கணக்கிட்டு, ஒத்து வராவிட்டால் தள்ளிவிட்டு மறுபடி கேட்கிறது. ஒவ்வொரு தள்ளலுக்கும் 199இல் ஒன்று கூடும். கேட்டுக் கேட்டும் சரியாக வராவிட்டால் கடைசியில் பிழையென்று கைவிடுகிறது. டிஸ்க் தன் பக்கத்தில் சரியாகத்தான் நிறுத்துக் கொடுக்கிறது. வழியில்தான் கோளாறு.

வழி என்றால் அந்தச் சிவப்பு வயர், சாட்டா கேபிள்.

மின்சாரத்தைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். ஆட்டோவிலும் லொறியிலும் குலுங்கி வந்த பெட்டி. ஐந்து வருடமாக மலைப் பனியின் ஈரம் வேறு. டிஸ்க் பக்கத்து முனையில் கேபிள் கூர்மையாக மடிந்திருந்தது. கை பட்டதும் ஆடியது. மேலே யாரும் பயன்படுத்தாத டிவிடி டிரைவ் இருந்தது. அதற்கும் அதே மாதிரி கேபிள்தான். அதைக் கழற்றி டிஸ்க்குக்கு மாட்டினோம். இரண்டு முனையும் 'டக்' என்று உட்காரும்வரை தம்பியே அழுத்தினான்.

மறுபடி பென் டிரைவிலிருந்து தொடங்கி, முதலில் 199இன் எண்ணைக் கொப்பியில் எழுதினோம். அந்த எண் குறையாது, பழைய கணக்கு அப்படியே நிற்கும். இனிமேல் கூடாமல் இருந்தால் போதும். பிறகு தாத்தாவின் ஃபோல்டரை இழுத்தேன். பச்சைக் கோடு நகர்ந்தது. நிற்கவில்லை. அந்த ஃபோல்டர் முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுப் படங்கள், தம்பியின் பாடக் குறிப்புகள் எல்லாம் முடிய ஒரு மணித்தியாலம். 199 ஒன்றுகூடக் கூடவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டுத் துண்டைத் திறந்து காட்டினேன். தாத்தாவின் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், சிவப்பு முத்திரை. அம்மா திரையில் அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தார். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் விளக்கு ஏற்றினார்.

ஒரு விஷயம் மறக்காமல் செய்தோம். விண்டோஸின் எழுத்துரு ஃபோல்டரிலிருந்து பாமினியையும் பிரதி எடுத்தோம். எங்கள் பக்கத்துப் பாடக் குறிப்புகளில் பாதிக்கு மேல் பாமினியில் தட்டச்சு செய்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் வராது, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக நிறைந்து நிற்கும். எத்தனையோ பிள்ளைகள் கோப்பு கெட்டுவிட்டதென்று அழித்திருக்கிறார்கள்.

இடி, பிறகு எஃப்1

ஞாயிறு பின்னேரம் நிறுவலைத் தொடங்கினோம். கோப்புகள் பத்திரமாக வெளியே வந்துவிட்டதால் இப்போது டிஸ்க்கைத் துணிந்து துடைக்கலாம். முழு டிஸ்க்கையும் புதிய ஜிபிடி முறையில் பிரித்து, நிறுவும் பகுதியையும் வீட்டுக் கோப்புகள் இருக்கும் பகுதியையும் தனித்தனியாக வைத்தேன். நாளைக்கு இயங்குதளம் கெட்டாலும் கோப்புகள் தனியாக நிற்கும். யூஈஎஃப்ஐ தொடங்குவதற்கான சிறு பகுதியும் ஒதுக்கினேன்.

அக்டோபர் பின்னேரம் எங்கள் மலை எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. பாதி நிறுவலில் ஓர் இடி, கரண்ட் போனது. யுபிஎஸ் கிடையாது. காலையிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

இரவு ஏழரைக்குக் கரண்ட் வந்தது. எஃப்1 கேட்டது, தம்பி அமத்தினான். ஏற்கெனவே பிரித்த பகுதிகளையே பயன்படுத்தி மீண்டும் நிறுவினோம். இம்முறை கடைசி வரை போய், தொடக்க நிரலான க்ரப்பை எழுத முடியவில்லை, இது ஆபத்தான பிழை என்று நின்றது.

தம்பி என்னைப் பார்த்தான். "இப்பவும் டிஸ்க்கா?"

199ஐப் பார்த்தோம், கூடவில்லை. ஆகவே இது பழைய கோளாறின் தொடர்ச்சியில்லை, வேறொன்று. அப்போதுதான் திரையின் மூலையில் தேதியைக் கவனித்தேன். 2013 ஜனவரி 1.

எஃப்1இன் அர்த்தம் உடனே விளங்கியது. மதர்போர்டில் ஒரு ரூபாக் குத்தியளவில் வட்டமான பேட்டரி ஒன்று இருக்கும். சிஆர்2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்திலும் தேதியையும் பயோஸ் அமைப்புகளையும் அதுதான் நினைவில் வைத்திருக்கும். அது தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் கணினி எல்லாவற்றையும் மறந்து பிறந்த நாளுக்கே போய்விடும். நான் சனிக்கிழமை யூஈஎஃப்ஐக்கு மாற்றியதும் அப்படித்தான் மறந்துபோய்ப் பழைய முறைக்குத் திரும்பியிருந்தது. பழைய முறையில் தொடங்கிய கணினி, புதிய முறையில் பிரித்த டிஸ்க்கில் தன் தொடக்க நிரலை வைக்க இடம் தேடி, கிடைக்காமல் நின்றிருக்கிறது.

ராகலைக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். எங்கள் ஊருக்கு ஒரு காலத்தில் ரயில் வந்தது. கொழும்பிலிருந்து வரும் பெரிய பாதை 1885இல் நானுஓயாவைத் தொட்டது. அதன் தண்டவாள அகலம் ஐந்தரை அடி. அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை 1900களின் தொடக்கத்தில் போட்ட பாதையோ இரண்டரை அடிதான். 1940களில் அதை மூடிவிட்டார்கள். ஓடிய காலத்தில் ராகலைத் தேயிலைப் பெட்டிகளை நானுஓயாவில் இறக்கி, பெரிய ரயிலில் மாற்றி ஏற்றினார்கள். இரண்டு ரயிலும் நல்ல ரயில்தான், இரண்டு பாதையும் நல்ல பாதைதான். ஒன்றின் வண்டி மற்றதன் தண்டவாளத்தில் ஏறாது. 1983இலிருந்து வழக்கத்தில் இருக்கும் எம்பிஆர் பழைய பயோஸுக்கு உரிய பாதை. ஜிபிடி யூஈஎஃப்ஐக்கு உரியது. எம்பிஆரில் நான்கு முதன்மைப் பகுதிகள்தான் வைக்கலாம், வழக்கமான டிஸ்க்கில் 2 டெராபைட்டுக்கு மேல் எட்டாது. ஜிபிடிக்கு அந்த நெருக்கடி இல்லை. நிறுவும்போது தேவையானது ஒன்றே ஒன்று: பென் டிரைவ் எந்த முறையில் தொடங்கியதோ, டிஸ்க்கும் அந்த முறைக்கு ஏற்றபடி பிரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் நிறுவும்போது 'இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது' என்று எம்பிஆர், ஜிபிடி பெயர் சொல்லி வரும் செய்திக்கும் அடிப்படை இதுதான். தொடக்கப் பட்டியலில் ஒரே பென் டிரைவின் பெயர் இரண்டு தடவை வந்தால், முன்னால் யூஈஎஃப்ஐ என்று போட்டிருப்பது ஒரு பாதை, போடாதது மற்றப் பாதை.

திங்கட்கிழமை விடிய எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோவிலுக்குப் போய் வந்து, அமைப்புகளைத் திரும்பக் கையால் மாற்றி, தேதியைத் திருத்தி நிறுவினோம். வெயில் இருக்கும்போதே. நாற்பது நிமிடத்தில் முடிந்தது. பென் டிரைவைக் கழற்றி மீண்டும் தொடங்கியபோது மின்ட்டின் சின்னம் திரையில் வந்தது. அம்மா தட்டில் முறுக்கைக் கொண்டுவந்து கணினிக்கு முன்னால் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை கடைகள் திறந்ததும் தம்பி டவுனுக்குப் போய் பேட்டரி வாங்கி வந்தான். ஒரு தேங்காய் விலைதான். பழையதைக் கழற்றி, பொறித்த பக்கம் மேலே இருக்கும்படி புதியதைப் போட்டு, அமைப்புகளைக் கடைசியாக ஒரு தடவை சேமித்தோம். பிளக்கைக் கழற்றி, அரை மணித்தியாலம் விட்டுப் போட்டோம். எஃப்1 கேட்கவில்லை. தேதி சரியாக 2025 அக்டோபர் 21.

கொப்பியில் எழுதியவை

நிறுவல் தோற்றால் என்ன செய்வது என்று தம்பி கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான். அதையே சற்றுத் திருத்தித் தருகிறேன்.

1. செய்தியைப் படம் எடு. கடைசி வரி வரை வாசி. தமிழில் எழுதிப் பார்.
2. வேண்டிய கோப்பு உள்ளே இருந்தால் டிஸ்க்கில் எதையும் எழுதாதே. பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பிரதி எடு. எழுத்துருவையும் எடு.
3. இறக்கிய கோப்பின் 64 எழுத்தையும் ஒப்பிடு.
4. வேறு பென் டிரைவில் ஒரு தடவை பார்.
5. இரவில் மெம்டெஸ்ட் போடு.
6. ஸ்மார்ட்டில் 5, 197, 199. முதல் இரண்டும் ஏறினால் டிஸ்க். 199 மட்டும் ஏறினால் வயர்.
7. தேதி சரியா? தப்பென்றால் பேட்டரி.
8. யூஈஎஃப்ஐ என்றால் ஜிபிடி. பழைய முறை என்றால் எம்பிஆர்.
9. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.
10. இடிக்காலத்தில் காலையில் நிறுவு.

பத்தாவதைத் தவிர மற்றதெல்லாம் உலகத்தில் எங்கேயும் பொருந்தும். ஆனாலும் தமிழில், எங்கள் பிள்ளைகள் வாசிக்கும்படி இதை எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தேன். லயத்து வீடுகளில் இருக்கும் கணினிகள் பெரும்பாலும் பழையவை, இரண்டாம் கை, மூன்றாம் கை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு தாயின் எத்தனையோ நாள் சம்பளம் இருக்கிறது. 'போய்விட்டது, புதிது வாங்கு' என்ற ஒரு வார்த்தை அந்த வீட்டில் எவ்வளவு பாரமாக விழும் என்று சொல்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் கணினியில் உண்மையில் போயிருந்தது ஒரு வயரும் ஒரு பேட்டரியும்தான்.

தாத்தாவின் ஃபோல்டர் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது: வீட்டுக் கணினியில், என்னிடம், சித்தி வீட்டு அலுமாரியில் இருக்கும் பென் டிரைவில். மின்ட்டில் தமிழ்99, ரெங்கநாதன் இரண்டு விசைப்பலகையையும் சேர்த்துக் கொடுத்தேன். தாத்தாவின் தம்பி எழுதிய கடிதங்களைத் தம்பி ஒவ்வொன்றாக யூனிகோடில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறான்.

போன வாரம் அவனிடமிருந்து மறுபடி போன். கீழ் லயத்தில் ஒரு வீட்டுக் கணினியும் நின்றுவிட்டதாம்.

"டிஸ்க் போயிருச்சின்னு சொன்னாங்கக்கா. நான் கொப்பிய எடுத்துக்கிட்டுப் போறேன்."